வயசு 44, ஓடும்போது துடிப்பு 189. தொடரலாமா, நிறுத்தணுமா?

2024 பிப்ரவரி 4, ஞாயிறு, காலை 8.10

வயசு 44. வாரத்துல மூணு நாள் ராத்திரி ஷட்டில், ஞாயித்துக்கிழமை மெரினாவுல ஓட்டம். உழைப்பாளர் சிலையில ஆரம்பிச்சு கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்த் திரும்புவேன். கையில வாட்ச் கட்டி ரெண்டு மாசம் ஆகுது. அதுக்கு முன்னாடி நிம்மதியா ஓடிட்டிருந்தேன்.

இன்னிக்குப் பத்தாவது நிமிஷத்துலயே 174-ல போய் உட்கார்ந்துடுச்சு. கடைசி அரைக் கிலோமீட்டர் கொஞ்சம் விரட்டினேன், 189. 220-லேர்ந்து வயசைக் கழிச்சா எனக்கு உச்சம் 176-தானே? ஆப் சிவப்புக் கட்டம் போட்டு 107 சதவீதம்னு காட்டுது. பரீட்சையில ஒரு நாளும் நூறு வாங்கினதில்லை, இதுல வாங்கியிருக்கேன்.

நெஞ்சு வலி இல்லை, தலைசுத்தல் இல்லை. மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான். வீட்டுல காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது. 2021-ல உடற்பயிற்சி முடிச்சுட்டு வந்து இறந்துபோன கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாருக்கு 46 வயசுதான்னு மனைவி ஆரம்பிச்சுட்டா. ரெண்டு வருஷம்தான் இருக்குன்னு மகள் வேற கணக்குப் போட்டுச் சொல்றா.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஓடலாமா?

அன்னிக்கே, ராத்திரி 9.30

பாதிப் பேர் "உடனே கார்டியாலஜிஸ்ட்டைப் பாருங்க", மீதிப் பேர் "ஒண்ணும் ஆகாது ப்ரோ". ரெண்டுமே எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பதில்தான்.

கேட்டவங்களுக்கு: சுகர் இல்லை, பிபி இல்லை, சிகரெட் இல்லை. அப்பாவுக்கு 61 வயசுல ஸ்டென்ட் வெச்சாங்க. ஓய்வுத் துடிப்பு காலையில எழுந்ததும் 68. காபி ரெண்டு டம்ளர், ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணு. நேத்து ராத்திரி ஒரு மணிக்குத்தான் தூங்கினேன், அதையும் சொல்லிடறேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சிரிக்காம படிங்க.

போன வாரம் ஒரு பெரியவர் "வாட்ச்சை விடு தம்பி, விரலை வெச்சு எண்ணு"ன்னு எழுதியிருந்தார். இன்னிக்குச் செஞ்சேன். மெதுவான ஓட்டம், வாட்ச்சுல 174. டக்குனு நின்னு, கழுத்துல ரெண்டு விரல் வெச்சு 15 செகண்டுக்கு எண்ணினேன். 36. நாலால பெருக்கினா 144.

174 எங்கே, 144 எங்கே? இன்னொரு தடவை ஓடி எண்ணினேன். 37, அதாவது 148. வாட்ச்சுல அப்பவும் 174.

அப்புறம்தான் ஆப்புல இன்னொரு வரி கண்ணுல பட்டது. ஒரு நிமிஷத்துக்கு என் காலடி எண்ணிக்கை 174.

ரெண்டு மாசமா இந்த வாட்ச் என் இதயத்தை எண்ணவே இல்லை, செருப்புச் சத்தத்தை எண்ணியிருக்கு. இதுக்காக ஒரு வாரமா ராத்திரி படுத்து நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு இருந்தேன்.

பிப்ரவரி 12

ஏன் இப்படி ஆகுதுன்னு படிச்சதைச் சொல்றேன். வாட்ச்சுக்கு அடியில பச்சை விளக்கு எரியுதுல்ல, ரத்தம் அந்தப் பச்சை வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுக்கு ரத்தம் வர்றப்போ திரும்பி வர்ற வெளிச்சம் குறையும். அந்த ஏத்த இறக்கத்தைத்தான் எண்ணுது. ஆனா ஓடறப்போ கை ஆடுது, வாட்ச் குதிக்குது, அதுவும் சீரா ஒரு தாளத்துல. எது துடிப்பு, எது குலுக்கல்னு அதுக்குக் குழம்பிடும். காலடி 160, 170-ங்கிறது துடிப்பும் வரக்கூடிய எண்ணாவே இருக்கறதால பார்க்கறவனுக்கும் சந்தேகம் வராது.

மணிக்கட்டு எலும்புலேர்ந்து ரெண்டு விரல் மேல தள்ளி, ஆடாம இறுக்கிக் கட்டினா கொஞ்சம் தேவலை. நான் வளையல் மாதிரி தொளதொளன்னு போட்டிருந்தேன்.

விரல் கணக்குலயும் ஓட்டை இருக்கு. நின்ன உடனே துடிப்பு இறங்க ஆரம்பிச்சுடும், அதனால ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினா குறைவாத்தான் வரும். பதினஞ்சு செகண்ட் எண்ணினா, ஒரு துடிப்பு விட்டாலே நாலு போச்சு. கழுத்துல அழுத்தியும் பிடிக்கக் கூடாது, அழுத்தினா துடிப்பே குறையும்.

ஆக என் பிரச்சினை முடிஞ்சது. இழையை மூடிடலாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மூட வேண்டாம்.

ஷட்டில் நண்பர்கிட்ட நெஞ்சுல கட்டற பட்டை இருந்துச்சு, கடன் வாங்கினேன். இது வெளிச்சக் கணக்கு இல்லை. இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கறப்பவும் உண்டாகற மின்சாரத்தையே தோல்லேர்ந்து எடுக்குது, ஈசிஜி மாதிரி. பின்லாந்துல போலார் கம்பெனி 1982-ல இந்த மாதிரி கம்பியில்லாத கருவியை முதல்ல வித்திருக்கு. பனிச்சறுக்குக்காரங்க பயிற்சிக்காக வந்தது, இப்ப மெரினாவுல சுண்டல் கடைக்குப் பக்கத்துல நான் கட்டிக்கிட்டு நிக்கறேன்.

கட்டின உடனே 221 காட்டுச்சு. நான் ஓடவே ஆரம்பிக்கலை, ஷூ லேஸ் கட்டிட்டிருந்தேன். பட்டையைத் தண்ணி தொட்டு ஈரமாக்கிக் கட்டணுமாம். காய்ஞ்சிருந்தா பாலியஸ்டர் பனியன் உரசற மின்சாரத்தையெல்லாம் துடிப்புன்னு எண்ணும். நனைச்சப்புறம் 81.

மெதுவான ஓட்டம் 146லேர்ந்து 150. விரல் கணக்கு சரிதான். ஆனா நேத்து ராத்திரி ஷட்டில்ல, மூணாவது கேம், 19-19, நீளமான ஒரு ராலி. 184. இது பட்டை சொன்னது. கால் எண்ணிக்கை இல்லை, உரசல் இல்லை. நண்பர் உடனே அவர் பட்டையைத் திருப்பிக் கேட்டார், ராசி சரியில்லைன்னு.

அதனால 11-ந்தேதி குறிப்புல நான் கைகொட்டினது பாதிதான் சரி. மெதுவா ஓடறப்போ வந்த 174 பொய். கடைசியில வந்த 189 முழுப்பொய் இல்லை, கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு நிஜமாவே போறேன். 176-க்கு மேல.

பிப்ரவரி 20

இந்த 220 எங்கேர்ந்து வந்ததுன்னு ரெண்டு நாளா அலசினேன். பெரிய ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். 1970 வாக்குல சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹஸ்கெல்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஏற்கெனவே வந்திருந்த பத்துப் பதினோரு ஆய்வுகளோட எண்களை ஒரு வரைபடத்துல குறிச்சுப் பார்த்திருக்காங்க. குத்துமதிப்பா ஒரு கோடு போட்டா 220 கழித்தல் வயசுன்னு வந்திருக்கு. அவ்வளவுதான் கதை. அதை வெச்சு ஒவ்வொருத்தர் பயிற்சியையும் ஆட்டிவைக்கணும்னு நினைச்சு அந்தக் கணக்கைப் போடலைன்னு ஹஸ்கெல்லே பின்னாடி சொல்லிட்டார். அதுக்குள்ள உலகத்துல எல்லா ஜிம் சுவத்துலயும் அது அட்டையா தொங்க ஆரம்பிச்சுடுச்சு.

2001-ல தனாகாங்கிற ஆராய்ச்சியாளரோட குழு நூத்துக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்து வேற கணக்கு கொடுத்தாங்க: 208-லேர்ந்து, வயசை 0.7-ஆல பெருக்கினதைக் கழிக்கணும். எனக்கு 177. என்ன பெரிய வித்தியாசம்னா, 44-ல ஒண்ணுமில்லை. 65 வயசுக்காரருக்குப் பழைய கணக்கு 155, புதுக் கணக்கு 162 அல்லது 163.

ஆனா விஷயம் சூத்திரத்துல இல்லை. எந்தச் சூத்திரம் போட்டாலும் வர்றது சராசரி. ஒரே வயசுக்காரங்க நடுவுலயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலயும் கீழயும் இருக்கறது சாதாரணம். 44 வயசுக்காரங்க ஆறு பேரை நிறுத்தினா ஒருத்தருக்கு உச்சம் 187-ஐத் தாண்டும். இன்னொருத்தருக்கு 165-ஏ ஏறாது. செருப்புக் கடையில "உங்க வயசுக்கு எட்டு நம்பர்தான் சார்"னு கொடுத்தா வாங்கிப் போட்டுக்குவோமா?

உச்சத் துடிப்பு அதிகம்னா நல்ல இதயம்னோ கெட்ட இதயம்னோ இல்லை. அது பிறவி அமைப்பு, பயிற்சி பண்ணி ஏத்தவும் முடியாது. வயசாக ஆக இறங்கும், அதைத் தடுக்கவும் முடியாது.

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்னிக்கு மனைவிக்குப் பட்டையைக் கட்டிவிட்டேன். சொந்தமா ஒண்ணு வாங்கிட்டேன், நண்பர் ராசி பார்க்கறார்னு. அவளுக்கு 41. ஓடலை, வேக நடைதான். 152!

"என்னைச் சொன்னியே"ன்னு சிரிச்சேன். பயிற்சி இல்லாத உடம்பு அப்படித்தான் எகிறும், தினமும் நடந்தா மூணு மாசத்துல தானா இறங்கிடும்.

பிப்ரவரி 27

"ஏன்தான் ஏறணும், மெதுவாவே துடிச்சா என்ன?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். நல்ல கேள்வி.

நம்ம ஊர்த் தண்ணி லாரியை நினைச்சுக்குங்க. தெருவுக்குத் தண்ணி அதிகமா வேணும்னா ரெண்டு வழி. லாரி பெருசா இருக்கணும், இல்லேன்னா நடை அதிகமா அடிக்கணும். இதயம் ஒரு துடிப்புக்குச் சும்மா இருக்கறப்போ 70 மில்லி ரத்தம் தள்ளுது. நிமிஷத்துக்கு 70 துடிப்புன்னா அஞ்சு லிட்டருக்குக் கிட்ட. ஓட ஆரம்பிச்சா அந்த 70 மில்லி நூறு, நூத்திப்பத்துன்னு ஆகும். நம்மள மாதிரி சாதாரண ஆளுக்கு அது பாதி முயற்சியிலயே ஏறக்குறைய நின்னுடும். அதுக்கு மேல லாரி பெருசாகாது. கால் தசை இன்னும் கேட்குதுன்னா நடைதான் அதிகமாகணும். 180 துடிப்பு, 110 மில்லி, கிட்டத்தட்ட இருபது லிட்டர். நாலு பங்கு.

பெரிய பந்தயக்காரங்களுக்கு லாரியே பெருசு. அதனாலதான் அவங்க சும்மா இருக்கறப்போ நாப்பது துடிப்புலயே குடும்பம் நடத்தறாங்க.

நடை அதிகமானா செலவும் உண்டு. நிமிஷத்துக்கு அறுபதுன்னா ஒரு துடிப்புக்கு ஒரு செகண்ட், அதுல பெரும்பகுதி இதயம் தளர்ந்து நிரம்பற நேரம். 180-ல ஒரு துடிப்புக்கு மூணுல ஒரு பங்கு செகண்ட்தான். சுருங்கற நேரம் கொஞ்சம்தான் குறையும், தளர்ற நேரம்தான் ரொம்ப வெட்டுப்படும். இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தை முக்கியமா எடுத்துக்கறது அந்தத் தளர்ற நேரத்துலதான். அந்த ரத்தக் குழாய் நல்லா இருந்தா சமாளிச்சுக்கும். அடைப்பு இருந்தா அங்கேதான் சிக்கல். எங்க அப்பா ஞாபகம் வந்தது இதைப் படிச்சப்போதான்.

மார்ச் 9, சனி

போயிட்டு வந்தேன். ஈசிஜி, எக்கோ, டிஎம்டி.

டிஎம்டி பண்ணாதவங்களுக்கு: நெஞ்சு முடியை மழிச்சு ஒயர் ஒட்டி டிரெட்மில்லுல ஏத்துவாங்க. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏத்தமும் கூடும். 1960-கள்ல ராபர்ட் புரூஸ்ங்கிற டாக்டர் வகுத்த முறை, அவர் பேருலயே நடக்குது. ஆரம்பத்துல கல்யாண வீட்டு நடை மாதிரி இருக்கும். ஒன்பது நிமிஷம் தாண்டினா பழனி யானைப்பாதை ஞாபகம் வரும்.

எட்டாவது நிமிஷம் 150 வந்தது. டெக்னீஷியன் "ஆச்சு சார், 85 சதவீதம் வந்துடுச்சு"ன்னு நிறுத்தப் போனார். எதோட 85 சதவீதம்? அதே 176-ஓட. எனக்குச் சந்தேகமே 150-க்கு மேலதான்னு சொன்னேன். அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார், அவங்க ஈசிஜி திரையைப் பார்த்தாங்க, "வலி, மயக்கம் எதுவும் இல்லைன்னா போகலாம்"னாங்க. பன்னிரண்டாவது நிமிஷம் தாண்டி 181. கோடுகள் ஒழுங்கா இருந்துச்சு. பிபி ஏற வேண்டிய மாதிரி ஏறியிருக்கு. நிறுத்தி ஒரு நிமிஷத்துல 147.

"உங்க உச்சமே அவ்வளவுதான், 185 பக்கம்னு வெச்சுக்குங்க. ஆப்புல 176-ஐ மாத்திடுங்க"ன்னாங்க. ஒரே வரி, ஒரு மாச மண்டைக்குடைச்சல்.

ஆனா அதோட விடலை. டிஎம்டி நார்மல்னா குழாயெல்லாம் சுத்தம்னு அர்த்தம் இல்லையாம். ஓரளவுக்கு மேல அடைச்சிருந்தாதான் இதுல தெரியும். அப்பாவுக்கு இருந்ததால கொலஸ்டிரால் பார்க்கச் சொல்லியிருக்காங்க. எதிர்பார்க்காத ஒரு செலவு.

இந்தச் சோதனையை ஜனவரியிலேயே செஞ்சிருக்கணும். வாட்ச் வாங்கின காசுல பாதிதான் ஆச்சு.

மார்ச் 10

"ஒரு நிமிஷத்துல 147 நல்லதா?"ன்னு நாலு பேர். 181-லேர்ந்து 34 இறங்கியிருக்கு. 1999-ல வந்த ஒரு ஆய்வுல, டிஎம்டி முடிஞ்சு மெதுவா நடந்துட்டிருக்கறப்போ முதல் நிமிஷத்துல 12 துடிப்போ அதுக்குக் கீழயோ மட்டும் இறங்கினவங்களுக்குப் பின்னாடி வர்ற வருஷங்கள்ல ஆபத்து அதிகம்னு பார்த்திருக்காங்க. ஏறறப்போ முடுக்கிவிடற நரம்பு வேற, இறங்கறப்போ பிரேக் போடற நரம்பு வேற. இந்தப் பிரேக் நரம்புதான் ஓய்வுல நம்மள அறுபது எழுபதுல பிடிச்சு வெச்சிருக்கு. எந்த நரம்பும் தொடாம விட்டா இதயம் தன் பாட்டுக்கு நூறு பக்கம் துடிக்கும்.

வீட்டுல நீங்களே அளந்து 11 வந்ததுன்னு பயப்படாதீங்க. நின்னா ஒரு எண், உட்கார்ந்தா ஒரு எண், படுத்தா ஒரு எண்.

மார்ச் 14

ரெண்டு தனிப்பட்ட கேள்வி, பொதுவிலேயே சொல்லிடறேன்.

ஒருத்தருக்கு டிவி பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறப்போ திடீர்னு 190, பத்து நிமிஷத்துல சுவிட்ச் அணைச்ச மாதிரி 80. அது இந்த இழையோட விஷயமே இல்லைங்க. ஓடறப்போ படிப்படியா ஏறிப் படிப்படியா இறங்கறது வேற, சும்மா இருக்கறப்போ குதிச்சு ஏறிக் குதிச்சு இறங்கறது வேற. டாக்டரைப் பாருங்க, முடிஞ்சா அது நடக்கறப்பவே ஈசிஜி எடுங்க. ஓடறப்போ நெஞ்சு இறுக்கம், கண் இருட்டிக்கிட்டு வர்றது, மயக்கம் இருந்தாலும் அப்படித்தான். எண் எவ்வளவா இருந்தாலும் சரி.

இன்னொருத்தர் பிபிக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடறார், எவ்வளவு ஓடினாலும் 115 தாண்டலை, "எனக்குச் சோம்பேறி இதயமா?"ன்னு கேட்கறார். இல்லை சார், துடிப்பைக் குறைக்கறதுதான் அந்த மாத்திரையோட வேலை, அதைச் செய்யுது. உங்களுக்கு எந்தச் சூத்திரமும் பொருந்தாது. ஸ்வீடன்ல குன்னர் போர்க்னு ஒருத்தர் எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு நாமே மதிப்பெண் போடற அளவுகோல் கொடுத்திருக்கார். 6-லேர்ந்து 20 வரைக்கும். ஏன் 6-ல ஆரம்பிக்குதுன்னா, பத்தால பெருக்கினா சுமாரா துடிப்பு வரட்டும்னுதான். உங்களுக்கு அந்தப் பெருக்கல் வராது, மதிப்பெண் மட்டும் போதும்.

மார்ச் 15

"இதயத்துக்கு ஆயுசுக்கு இத்தனை துடிப்புன்னு கணக்கு இருக்கு, ஓடி வீணாக்காதீங்க"ன்னு ஷட்டில் கோர்ட்டுல ஒரு அண்ணாச்சி. அப்படி ஒரு ரேஷன் கார்டு இருக்குன்னே வெச்சுக்குவோம். ஓடாதப்போ எனக்கு 72 இருந்தது, இப்போ 66. ஒரு மணி நேரம் 150-ல ஓடினா கூடுதல் செலவு, நிமிஷத்துக்கு 78, அறுபது நிமிஷத்துக்கு 4,680. மீதி 23 மணி நேரத்துல நிமிஷத்துக்கு ஆறு மிச்சம், மொத்தம் 8,280. தினமும் ஓடினாலும் லாபம்தான் அண்ணாச்சி. நான் வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓடறேன், வட்டிக்கே விடலாம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வெயில் வந்துடுச்சு, எண்ணும் வந்துடுச்சு.

அதே பாதை, அதே வேகம், கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். பிப்ரவரியில 148. இன்னிக்குக் காலை ஆறு மணிக்கே ஆரம்பத்துல 153, திரும்பி வர்றப்போ 167. வேகம் ஒரு துளி கூடலை. பட்டை கெட்டுப்போச்சோன்னு நின்னு விரல்ல எண்ணினேன். கெடலை.

சென்னையில காத்துல ஈரம். வேர்வை ஊத்துது, ஆனா காயலை, காய்ஞ்சாத்தானே உடம்பு குளிரும். சூட்டை வெளியே தள்ள ரத்தத்துல ஒரு பங்கு தோலுக்குப் போகுது. வேர்வையா போன தண்ணியும் ரத்தத்துலேர்ந்துதான் போகுது. இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் குறையுது, ஒரு துடிப்புக்குத் தள்ளற அளவும் குறையுது. அப்போ? நடைதான். நேரம் ஆக ஆக அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிட்டே போறதுக்கு இதுதான் காரணம்.

இந்த மாசத்துல எண்ணைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா நடக்கத்தான் முடியும், வேகத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா படுக்கத்தான் முடியும். நான் இப்போ பேச்சை வெச்சு ஓடறேன். முழு வாக்கியம் பேச முடிஞ்சா மெதுவு. மூணு வார்த்தைக்கு மேல மூச்சு முட்டினா வேகம். கூட ஓடறவர் ரியல் எஸ்டேட் பண்றார், அவர் பேச்சு நின்னா நானும் வேகத்தைக் குறைச்சுடுவேன்.

முடிஞ்சதும் உப்புப் போட்ட மோர். தண்ணி மட்டும் லிட்டர் லிட்டரா குடிக்காதீங்க.

ஜூன் 15, சனி

பிப்ரவரி 25-ந்தேதி எழுதின குறிப்பை யாராவது நம்பியிருந்தா தயவு செஞ்சு மறந்துடுங்க. அழிக்கலாம்னு பார்த்தேன், வேண்டாம், அப்படியே கிடக்கட்டும்.

மனைவிக்கு மூணு மாசத்துல இறங்கிடும்னு எழுதினேனே. இறங்கலை. மார்ச்சுல 152, ஏப்ரல்ல 156. வெயில்னு சொன்னேன். மே மாசம் 161. அதுக்கும் வெயில்தான்னு சொன்னேன். எல்லாம் படிச்சு வெச்சிருந்தேன்ல, எதுக்கும் ஒரு காரணம் கையில இருந்தது. எங்க வீட்டு ரெண்டாவது மாடிக்கு ஏறி வந்து கதவுல கை வெச்சு நிப்பா. பயிற்சி போதலைன்னு சொன்னேன்.

கண்டுபிடிச்சது நான் இல்லை, எங்க அக்கா. ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. சமையல்கட்டுல இவ அரிசி புடைக்கறப்போ ஒவ்வொரு பிடியா பச்சரிசியை வாயில போட்டு மென்னுக்கிட்டே இருந்தா. நான் அஞ்சாறு மாசமா பார்க்கறேன், கேலியும் பண்ணியிருக்கேன். அக்கா பார்த்த உடனே கண் இமையைக் கீழ இழுத்துப் பார்த்தாங்க. "வெள்ளைத்தாள் மாதிரி இருக்கு. நாளைக்கே ரத்தம் பாரு"ன்னாங்க.

ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்கணும். இரும்புச்சத்து காலி. பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டின்னு எதையாவது மெல்லத் தோணறதே அதுக்கு ஒரு அடையாளமாம். மாதவிடாய்ப் போக்கு ஒன்றரை வருஷமா அதிகம், ஸ்கேன்ல கர்ப்பப்பையில ஃபைப்ராய்டுங்கிற கட்டி. என்கிட்ட சொல்லலையேன்னு கேட்டேன். "சொன்னேன். நீங்க வாட்ச்சைப் பார்த்துட்டு இருந்தீங்க."

தண்ணி லாரிக் கணக்கை இப்போ திருத்தறேன். லாரியில தண்ணி இல்லை, குடம் வருதுன்னு வெச்சுக்குங்க, குடத்துலதான் ஆக்ஸிஜன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்ஸிஜன் தூக்கும். எனக்கு 14.6 இருக்கு, ஒரு லிட்டர் ரத்தத்துல 196 மில்லி ஆக்ஸிஜன். அவளுக்கு அதே லிட்டர்ல 113. லாரி நிறைஞ்சுதான் வருது, இறக்கிப் பார்த்தா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் குடம். தெருவுக்கு வேண்டியது மாறலை. நான் ஒரு நடை அடிக்கற இடத்துல அவ ஒன்றே முக்கால் நடை அடிக்கணும். அந்த 152 சோம்பேறி உடம்போட எண் இல்லை, உழைச்சு உழைச்சு ஈடுகட்டின இதயத்தோட எண்.

இன்னொண்ணு. அவ ஓய்வுத் துடிப்பு 92. நாலு மாசமா பட்டை என் கையில, அதைக் காலையில ஒரு தடவை கட்டிப் பார்க்கத் தோணலை. உச்சத்தையே பார்த்துட்டு இருந்திருக்கேன், அடி எங்கே இருக்குன்னு பார்க்கலை.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல 15-லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஜிம்முல சேர்ந்த முதல் வாரமே பெண்களுக்கு "ஸ்டாமினா இல்லை மேடம்"னு சொல்ற பயிற்சியாளர்கள் இதைப் படிச்சா நல்லது. நானே படிக்கலை, அதையும் சொல்லிக்கறேன்.

ஜூன் 16

கேட்டவங்களுக்கு. மாத்திரை இரும்புச்சத்து, டாக்டர் எழுதினது. சாப்பாட்டோட டீ காபி கூடாது, இரும்பை உறிஞ்ச விடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கலாம். மலம் கறுப்பா போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வருது, அதுக்கு வழி தெரிஞ்சவங்க எழுதுங்க. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் போதும்னு எழுதின ஆறு பேருக்கு நன்றி, 8.4-க்கு அது போதாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஃபைப்ராய்டுக்குத் தனி வைத்தியம் நடக்குது, அதை இங்கே எழுத வேண்டாம்னு உத்தரவு.

நடையும் மெதுவாத்தான். ரத்தம் ஏறற வரைக்கும் வேகம் வேண்டாமாம்.

ஜூலை 7, ஞாயிறு

ஷட்டில்ல நேத்து 186. புது உச்சம். யாருக்கும் காட்டலை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ரொம்ப நாளா வரலை. போன வாரம் ரத்தம் பார்த்ததுல அவளுக்கு 11.7. ஓய்வுத் துடிப்பு 74. இன்னிக்கு அதே மெரினா, பிப்ரவரியில நடந்த அதே தூரம், அன்னிக்கை விட ஒரு நிமிஷம் வேகம். 127.

பச்சரிசி மெல்றது முதல் மாசத்துலயே நின்னுடுச்சு. எப்போ நின்னதுன்னு அவளுக்கே தெரியலை. ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்டாலும் சேமிப்பு நிரம்பணும்னு அதுக்கப்புறமும் மூணு மாசம் மாத்திரை தொடரணுமாம். அந்த இரும்புச் சேமிப்பைப் பார்க்க ஃபெரிட்டின்னு ஒரு சோதனை, அது இன்னும் குறைவாத்தான் இருக்கு.

பட்டை இப்போ அவகிட்ட. ஞாயித்துக்கிழமை காலையில கேட்டா "நீங்கதான் டெஸ்ட் பண்ணியாச்சே"ங்கறா. நான் பழைய வாட்ச்சை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடறேன். இன்னிக்கு 172 காட்டுச்சு. காலடியும் 172.